விமானிகளும் விசுவாசமும்

2025ஆம் வருஷம் டிசம்பர் மாதம் முதல் வாரத்தில் நமது நாட்டு விமான நிலையங்களில் நடந்த அலங்கோலத்தை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். டில்லி, மும்பை, ஹைதராபாத், பெங்களூர், சென்னை ஆகிய எங்கும் பிரயாணிகள் தரையில் படுத்துக் கிடந்தார்கள். பெட்டிகள் மலைபோல் குவிந்து, எது யாருடையது என்று சொல்ல ஆளில்லாமல் கிடந்தன. கல்யாணத்துக்குப் புறப்பட்டவர்களும், வைத்தியத்துக்குப் புறப்பட்டவர்களும், உத்தியோகத்தில் சேரப் புறப்பட்டவர்களும் ஒரே வரிசையில் நின்று ஒரே பதிலைக் கேட்டுத் திரும்பினார்கள். டிசம்பர் 5ஆம் தேதி ஒரு நாளில் மட்டும் இண்டிகோ கம்பெனி 1,000க்கு மேற்பட்ட விமானங்களை ரத்துச் செய்தது. உள்நாட்டு விமானப் பிரயாணிகளில் 100க்கு 60 பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும் கம்பெனி அது. அது இருமினால் தேசத்துக்கே ஜலதோஷம் பிடிக்கிறது என்பது அந்த வாரத்தில் நிரூபணமாயிற்று.

இச்செய்தி பரவியவுடன், விமானிகள் மறுபடியும் வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டார்களோ என்றே பலர் நினைத்தார்கள். எந்தச் சங்கமும் வேலைநிறுத்தம் அறிவிக்கவில்லை. நடந்தது இவ்வளவுதான்: விமானிகளுக்கு ஓய்வு கொடுக்கவேண்டுமென்று ஒரு விதி அமலுக்கு வந்தது, அந்த விதிப்படி ஓய்வு கொடுத்தால் விமானத்தை ஓட்ட ஆள் போதவில்லை.

அந்த விதி என்ன சொல்லுகிறது என்பதைப் பார்ப்போம். வாரத்தில் தொடர்ச்சியாக 36 மணி நேரம் ஓய்வு என்றிருந்ததை 48 மணி நேரமாக்கியது. இரவு என்பது நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை என்றிருந்ததை 6 மணி வரை நீட்டியது. அந்த இராக்காலத்தைத் தொடும் வேலையில் ஒரு விமானி ஆறு முறை வரை விமானத்தைத் தரையில் இறக்கலாம் என்றிருந்ததை இரண்டு முறையாகக் குறைத்தது. இதில் திடீரென்று ஆகாயத்திலிருந்து விழுந்தது எதுவும் இல்லை. சிவில் விமானப் போக்குவரத்து டைரக்டரேட் இவ்விதிகளை 2024ஆம் வருஷம் ஜனவரி 8ஆம் தேதியே வெளியிட்டு, அவ்வருஷம் ஜூன் முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு வரும் என்றும் சொல்லிற்று. கம்பெனிகள் ஆட்சேபித்தன, தேதி தள்ளிப்போடப்பட்டது. விமானிகளின் சங்கங்கள் டில்லி ஹைகோர்ட்டுக்குப் போய் முறையிட்ட பிறகுதான் 2025 ஜூலை 1, நவம்பர் 1 ஆகிய இரண்டு தவணைகளில் அமலுக்கு வந்தன. ஆகவே கம்பெனிகளுக்குக் கிடைத்த அவகாசம் ஏறக்குறைய இரண்டு வருஷம். அவ்வளவு காலத்தில் வேண்டிய ஆட்களைச் சேர்க்காததற்குக் காரணம், கணிப்பிலும் திட்டத்திலும் நேர்ந்த பிசகு என்று அந்தக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. 2024-25 கணக்கு வருஷத்தில் 7,000 கோடி ரூபாய்க்கு மேல் லாபம் கண்ட கம்பெனிக்கு, ஆள் சேர்க்கப் பணமில்லை என்று சொல்ல வாயில்லை.

பிறகு சர்க்கார் செய்தது என்ன? டிக்கட் விலைக்கு உச்சவரம்பு கட்டினார்கள். கம்பெனியின் அட்டவணையில் 100க்கு 10 வீதம் வெட்டினார்கள். நிர்வாகிகளுக்குக் காரணம் கேட்டு நோட்டீஸ் அனுப்பினார்கள். இவை நியாயமானவையே. ஆனால் இவற்றோடு கூட, இரவு வேலை சம்பந்தமான விதிகளிலிருந்து அந்தக் கம்பெனிக்கு 2026 பிப்ரவரி 10ஆம் தேதி வரை விலக்கு அளித்தார்கள். வாராந்தர ஓய்வுக்குப் பதிலாக விமானியின் சொந்த லீவைக் கணக்குக் காட்டக் கூடாது என்ற ஷரத்தை எல்லாக் கம்பெனிகளுக்குமே வாபஸ் பெற்றார்கள். அத்துடன், இந்தக் கஷ்டகாலத்தில் பூரணமாக ஒத்துழைக்கவேண்டுமென்று விமானிகளின் சங்கங்களுக்கு டைரக்டரேட் வேண்டுகோளும் விடுத்தது.

இந்தக் கடைசி வேண்டுகோளைத்தான் நாம் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தோம். தவறு செய்தவர் முதலாளி. அகப்பட்டுக் கொண்டவர் பிரயாணி. இருவருக்கும் ஈடாகக் கொடுக்கப்பட்டது மூன்றாம் மனிதனாகிய விமானியின் தூக்கம்! அவனிடம் போய், 'ஒத்துழை, விசுவாசமாயிரு' என்று கேட்கப்படுகிறது. விசுவாசம் என்ற சொல்லைக் கேட்டாலே, அதை யார் யாரிடம் கேட்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பது நமது தேசத்தில் பழக்கமாகிவிட்டது. ராஜ விசுவாசம் என்ற பெயரால் நமது பெரியவர்களிடம் என்னென்ன கேட்கப்பட்டது என்பதை நாம் அறிவோம்.

நமது நாட்டில் விமானக் கம்பெனி தோன்றிய காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமிருக்கவில்லை. 1932ஆம் வருஷம் அக்டோபர் 15ஆம் தேதி ஸ்ரீ ஜே. ஆர். டி. டாட்டா தபால் மூட்டையுடன் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தாமே விமானத்தை ஓட்டிவந்தார். பம்பாயிலிருந்து பல்லாரி வழியாகச் சென்னைக்கு அதைக் கொண்டுவந்தவர் அவருடைய கூட்டாளி நெவில் வின்ஸென்ட். முதலாளியும் விமானியும் ஒருவராகவே இருந்தபடியால், யாருக்கு யார் விசுவாசமாயிருக்க வேண்டும் என்ற வழக்கு எழவில்லை. இன்று கணக்குப் பார்க்கிறவர் ஓரிடம், விமானம் ஓட்டுகிறவர் ஓரிடம். இடையில் அட்டவணை தயாரிக்கும் கம்ப்யூட்டர் யந்திரம் உட்கார்ந்திருக்கிறது. சட்டம் அனுமதிக்கும் கடைசி நிமிஷம் வரை மனிதனை வேலைக்கு இழுக்கும் அட்டவணையை அது தயாரித்துக் கொடுக்கிறது. சட்டம் விதித்தது உச்ச வரம்பு. அதையே தினசரி அளவாக எடுத்துக்கொண்டதுதான் இக்காலத்து நிர்வாகத் திறமை.

'லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு என்ன குறை? இவர்களுக்காக வருந்துவதற்கு உங்களுக்கு வேறு வேலையில்லையா?' என்று சிலர் நம்மைக் கேட்கலாம். இந்தக் கேள்வியை அலட்சியம் செய்வதற்கில்லை. வயலில் உழுகிறவனுக்கும் ஆலையில் உழைக்கிறவனுக்கும் கிடைக்காத வருமானம் விமானத்தின் கமாண்டருக்குக் கிடைக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்த வருமானம் எப்படி அமைந்திருக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். விமானியாவதற்கே ஒரு வாலிபன் அரைக் கோடி ரூபாய்க்கு மேல் செலவழிக்கிறான். பெரும்பாலும் அது பெற்றோர் வீட்டை அடகு வைத்து வாங்கிய கடன். பிறகு, எந்த ஜாதி விமானத்தை ஓட்டவேண்டுமோ அதற்குத் தனிப் பயிற்சி; அதற்குத் தனிச் செலவு, அல்லது இத்தனை வருஷம் வேறிடம் போகமாட்டேன் என்ற பத்திரம். சம்பளத்தின் பெரும்பங்கு பறக்கும் மணிகளைப் பொறுத்தது. 2024ஆம் வருஷத்தில், ஏர் இந்தியாவுடன் இணையவிருந்த விஸ்தாரா கம்பெனி, மாதம் 70 மணி நேரத்துக்கு நிச்சயமாகக் கொடுத்துவந்த சம்பளத்தை 40 மணி நேரத்துக்கென்று மாற்றிப் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்டது. பறந்தால்தான் மிச்சம். களைத்திருக்கிறேன் என்று வீட்டில் தங்கினால் கையிலிருந்து போகிறது. ஏப்ரல் மாதத்தில் பல விமானிகள் உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள், விமானங்கள் ரத்தாயின. அட்டவணையை அளவுக்கு மீறி இழுத்துவிட்டோம் என்று அந்தக் கம்பெனியின் தலைமை நிர்வாகியே சொல்லவேண்டியதாயிற்று.

விமானியின் பேரம் பேசும் சக்தி எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதை இந்த ஒரு சம்பவமே காட்டுகிறது. அவனுக்குப் பதிலாக வேறொருவனைத் தெருவிலிருந்து கூப்பிட்டு உட்கார வைக்க முடியாது. ஒரு விமானம் ஒரு நாள் தரையில் நின்றாலும் வாடகையும் வட்டியும் ஓடிக்கொண்டேயிருக்கின்றன. இவை அவன் கையிலுள்ள ஆயுதங்கள். அவற்றை எடுத்துப் பிரயோகிக்கச் சட்டம் வழி விட்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

முதலில் வேலையை விட்டுப் போகும் உரிமையை எடுத்துக்கொள்வோம். உழைத்து ஜீவிக்கிறவனுக்கு இதைவிட எளிய உரிமை கிடையாது. நாம் படித்த சட்டத்தில், மனமில்லாத ஒருவனை ஓர் எஜமானனிடம் வேலை செய்யும்படி எந்தக் கோர்ட்டும் கட்டாயப்படுத்தாது. ஒப்பந்தத்தை மீறினால் நஷ்டஈடுதான் வாங்கலாம். 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு, ஒருவன் தன் தொழிலைச் செய்யக்கூடாதென்று தடுக்கும் ஷரத்து அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. ஆனால் விமானிகளுக்கு மட்டும் இந்தச் சட்டத்தின் மீது இலாகா விதியொன்று ஏறி உட்கார்ந்திருக்கிறது. முன்பு எல்லா விமானிகளும் 6 மாத நோட்டீஸ் கொடுக்கவேண்டும் என்றிருந்தது. 2017ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் டைரக்டரேட் இதைக் கமாண்டர்களுக்கு ஒரு வருஷமாக உயர்த்தியது. துணை விமானிகளுக்கு 6 மாதமே நீடித்தது. நோட்டீஸ் காலம் முடியும் முன், கம்பெனி முன்னதாக விடுவித்தாலொழிய, அவன் வேறிடம் போக முடியாது. ஒரு கலெக்டர் ராஜிநாமாச் செய்தாலும், ஒரு மில் மானேஜர் விலகினாலும், இவ்வளவு காலம் காத்திருக்கவேண்டியதில்லை.

இதற்குக் கம்பெனிகள் சொல்லும் சமாதானத்தையும் கேட்கவேண்டும். ஒரு விமானியைக் கமாண்டராக்குவதற்கு வருஷக்கணக்காகிறது. அப்படித் தயாரித்தவனை வேறொரு கம்பெனி சம்பள ஆசை காட்டி ஒரே நாளில் இழுத்துக்கொண்டு போனால் டிக்கட் வாங்கிய ஜனங்கள் என்ன ஆவது என்று கேட்கிறார்கள். இது வெறும் சாக்கு என்று தள்ளிவிடுவதற்கில்லை. 2023ஆம் வருஷத்தில் ஆகாசா என்ற புதுக் கம்பெனியிலிருந்து 43 விமானிகள் நோட்டீஸ் காலத்தை முடிக்காமல் விலகிப்போனார்கள். மாதத்தில் நூற்றுக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. கம்பெனி பம்பாய் ஹைகோர்ட்டுக்கும் டில்லி ஹைகோர்ட்டுக்கும் ஓடிற்று. அந்த 43 பேர் செய்தது சரி என்று நாம் சொல்லமாட்டோம். விலகுகிறவன் நியாயமான அவகாசம் கொடுக்கவேண்டியது மரியாதையும் கடமையுமாகும். கடைசி நேரத்தில் விமானங்கள் ரத்தாகி ஜனங்கள் அவஸ்தைப்படும்படி விமானிகள் செய்வது பொது நன்மைக்கு விரோதமான காரியம் என்று அந்த விதி கூறுகிறது. அதையும் நாம் மறுக்கவில்லை. அப்படியானால், 2025 டிசம்பரில் கடைசி நேரத்தில் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்துச் செய்து ஜனங்களை அவஸ்தைக்கு உள்ளாக்கிய கம்பெனியின் காரியத்துக்கு என்ன பெயர்? அந்தப் பெயரை அதற்கும் சூட்டி, அதற்கும் ஒரு வருஷக் கட்டு ஏதாவது போடும் விதியை நாம் எங்கும் காணவில்லை.

தொழிலாளி விலகுவதற்கு ஒரு வருஷம். முதலாளி கடையை மூடுவதற்கு எத்தனை நாள்? இதற்கு ஜெட் ஏர்வேஸின் சரித்திரம் விடை கூறும். 2019ஆம் வருஷம் ஏப்ரல் 17ஆம் தேதி அந்தக் கம்பெனி, அன்றிரவுடன் தன் விமானங்கள் அனைத்தையும் நிறுத்திவிடுவதாக அறிவித்தது. அன்றிரவு அமிருதசரஸிலிருந்து மும்பைக்கு வந்த விமானமே கடைசி. ஏறக்குறைய 20,000 பேர் மறுநாள் காலையில் வேலையில்லாதவர்களாக எழுந்தார்கள். அதற்கு முன் நடந்ததுதான் முக்கியம். விமானிகளுக்கு ஜனவரி மாதத்திலிருந்தே சம்பளம் வரவில்லை. சம்பளமில்லாவிட்டால் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பறப்பதில்லை என்று அவர்களுடைய சங்கம் தீர்மானித்தது. பிறகு அந்தத் தேதியை 15க்குத் தள்ளிற்று. பாங்குகள் பணம் கொடுத்துக் கம்பெனியைக் காப்பாற்றிவிடும் என்ற நம்பிக்கையில், அந்த நாளும் வந்தபோது மறுபடி ஒத்திவைத்தது. இரண்டு நாள் கழித்துக் கதவு அடைக்கப்பட்டது. ஐந்து வருஷத்துக்கு மேல் வழக்கு நடந்து, 2024 நவம்பர் 7ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்தக் கம்பெனியைக் கலைத்துவிடும்படி உத்தரவிட்டது. சம்பள பாக்கிக்காரர்கள் மற்றக் கடன்காரர்களுடன் வரிசையில் நின்றார்கள். அனுபவமுள்ள கமாண்டர்கள் பலர் இதற்கிடையில் குறைந்த சம்பளத்துக்கு வேறு கம்பெனிகளில் அமர்ந்துவிட்டார்கள். மூன்று மாதம் சம்பளமில்லாமல், பல நூறு உயிர்களைச் சுமந்து, இரவும் பகலும் பறந்தார்களே, அதைவிட விசுவாசம் வேறு எது? அதற்கு அவர்களுக்குக் கிடைத்த நோட்டீஸ் ஒரு மாலைப் பொழுது.

கிங்பிஷர் கம்பெனியின் கதையும் ஏறக்குறைய இதுவே. அங்கே ஏழு மாதச் சம்பள பாக்கி. 2012 அக்டோபர் முதல் தேதி விமானங்கள் நின்றன. அந்த மாதமே லைசென்ஸும் நிறுத்திவைக்கப்பட்டது. விவரித்துப் பயனில்லை.

விலகுவதற்கு இல்லை, வேலைநிறுத்தம் செய்யலாமா? 2009ஆம் வருஷம் செப்டம்பரில் ஜெட் ஏர்வேஸ் விமானிகள் ஒரு சங்கம் அமைத்தார்கள் என்பதற்காக அவர்களில் சிலர் நீக்கப்பட்டபோது, நூற்றுக்கணக்கானவர்கள் ஏககாலத்தில் உடம்பு சரியில்லை என்று லீவு எழுதினார்கள். ஐந்து நாளில் சமரசமாகி, நீக்கப்பட்டவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். காரணம் நியாயமானதுதான், வழி நமக்குப் பிடித்ததல்ல. பொய் வியாதி சொல்லி நடத்தும் போராட்டம், நடத்துகிறவர்களின் கௌரவத்தைக் குறைக்கிறது. ஆனால் நேர்வழியை அடைத்தவர்கள் கோணல் வழியைப் பற்றிக் குறை கூறும்போது, கேட்பவருக்குச் சிரிப்பு வருகிறது.

நேர்வழி இப்பொழுது இன்னும் குறுகிவிட்டது. 1947ஆம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2020ஆம் வருஷத்துத் தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21ஆம் தேதி அமலுக்கு வந்தது. அதன்படி 14 நாள் நோட்டீஸ் இல்லாமல் யாரும் வேலைநிறுத்தம் செய்யக்கூடாது. சமரசப் பேச்சு ஆரம்பமாகிவிட்டால் அது முடியும் வரையிலும், முடிந்து 7 நாள் வரையிலும் செய்யக்கூடாது. ஒரே நாளில் பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து தற்செயல் லீவு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமே. இவ்வளவும் தொழிலாளி என்ற பெயருக்குள் வருகிறவனுக்கு. மேற்பார்வை வேலை செய்து மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்குகிறவன் தொழிலாளியே அல்ல என்றும் அதே சட்டம் சொல்லுகிறது. கமாண்டர் என்பவர் விமானத்தில் உள்ள மற்றவர்களை மேற்பார்க்கிறவர்தானே என்று ஒரு கெட்டிக்கார வக்கீல் எழுந்து வாதம் செய்யலாம். அவருடைய முக்கியமான வேலை விமானத்தை ஓட்டுவதே என்று எதிர்த்தரப்பில் பதில் சொல்லலாம். தொழிலாளிக்குள்ள பாதுகாப்பு வேண்டும்போது 'நீ அதிகாரி' என்பதும், அதிகாரிக்குள்ள மரியாதை வேண்டும்போது 'நீ கூலிக்காரன்' என்பதும் முதலாளிகளுக்குச் சௌகரியமான தர்க்கம்.

விமானிகள் பக்கத்துக் குற்றத்தையும் மறைக்கவேண்டியதில்லை. 2011ஆம் வருஷம் ஏப்ரல் கடைசியில், பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு நடத்திய பத்து நாள் வேலைநிறுத்தத்தில் நியாயம் இருந்தது. 2007இல் இரண்டு சர்க்கார் கம்பெனிகளை ஒன்றாக்கிவிட்டு, உள்ளே இரண்டு விதச் சம்பளம் வைத்திருந்தது யாருடைய தவறு? ஆனால் அடுத்த வருஷம் மே 8ஆம் தேதி ஏர் இந்தியாவின் பழைய விமானிகள் ஆரம்பித்து 58 நாள் நடத்திய வேலைநிறுத்தத்தை நாம் ஆதரிக்க முடியாது. புதிதாக வரவிருந்த டிரீம்லைனர் விமானங்களில் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கக்கூடாது என்பதே அதன் முக்கிய காரணம். ஒரு விமானி மற்றொரு விமானிக்கு விரோதமாகச் செய்த வேலைநிறுத்தம் அது. நூறு பேர் வேலையிழந்தார்கள், சர்க்கார் அசையவில்லை, கடைசியில் டில்லி ஹைகோர்ட்டில் உறுதி கூறி வேலைக்குத் திரும்பினார்கள். தங்களுக்குள் பதவி வரிசைக்காகச் சண்டையிட்டவர்கள், நிர்வாகத்தின் முன் ஒரே குரலில் பேச முடியாமல் போனதில் ஆச்சரியமில்லை.

சம்பளத்தையும் பதவி வரிசையையும் பற்றி அவர்களும் கம்பெனிகளும் எப்படியாவது பேரம் பேசிக்கொள்ளட்டும். ஓய்வைப் பற்றிய விஷயம் அப்படிப்பட்டதன்று. அதில் மூன்றாவது கட்சிக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் பின்னால் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிரயாணி.

2010ஆம் வருஷம் மே 22ஆம் தேதி துபாயிலிருந்து இரவில் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், விடியற்காலையில் மங்களூரில் இறங்கும்போது ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 166 பேரில் 158 பேர் மாண்டார்கள். பிழைத்தவர்கள் 8 பேர். விமானத்தின் ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக் கேட்டபோது, முதல் ஒரு மணி நாற்பது நிமிஷத்துக்குப் பேச்சே இல்லை. கமாண்டர் ஆழ்ந்து உறங்கும் குறட்டைச் சப்தம் இருந்தது. இறங்கும் முன் விழித்தார். விமானம் வேண்டிய உயரத்துக்கு மேல் வந்துகொண்டிருந்தது. மறுபடி மேலே எழுப்பிச் சுற்றி வாருங்கள் என்று துணை விமானி மூன்று முறை சொன்னார். கேட்கவில்லை. நீண்ட உறக்கத்திலிருந்து விழித்த மனிதனுக்குச் சிறிது நேரம் புத்தி மந்தமாயிருக்கும்; அதுவும் ஒரு காரணம் என்று விசாரணைக் கோர்ட்டு முடிவு செய்தது. அந்தக் கமாண்டர் ஓய்வில்லாமல் வேலை வாங்கப்பட்டவர் அல்ல. சில நாட்களுக்கு முன்புதான் லீவு முடிந்து திரும்பியவர். அப்படிப்பட்டவரையே பின்னிரவு அந்தக் கதிக்கு ஆளாக்கிற்று. இரவு முழுவதும் விழித்து, ஒரே இரவில் நாலாவது முறை, ஐந்தாவது முறை விமானத்தை இறக்கும் ஒருவர் எந்த நிலையில் இருப்பார்? இரண்டு முறைக்கு மேல் இறக்கக்கூடாது என்று எழுதியவர்கள் விமானிகளுக்குச் சலுகை கொடுப்பதற்காக எழுதவில்லை.

அமெரிக்காவில் விமானிகளின் சங்கம் 1931ஆம் வருஷத்திலேயே தோன்றிற்று. டேவிட் பென்கி என்ற விமானி அதை அமைத்தார். 1934இல் சர்க்காரின் தொழில் போர்டு, ஒரு விமானி மாதத்தில் 85 மணி நேரத்துக்கு மேல் பறக்கக்கூடாதென்று தீர்ப்புச் சொல்லியது. 1936இல் ரயில்வேத் தொழிலாளர் சட்டம் விமானங்களுக்கும் நீட்டப்பட்டது. அவ்வளவு பலமான சங்கம் இருந்தும், 2009 பிப்ரவரி 12ஆம் தேதி பபலோ நகருக்கருகில் ஒரு சிறு கம்பெனியின் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். விமானத்தைக் கையாண்டதில் நேர்ந்த தவறே விபத்துக்கு நேர்க் காரணம். ஆனால் விசாரணையில் மற்றொன்றும் வெளிவந்தது. சொற்பச் சம்பளம் வாங்கிய துணை விமானி, வேலை செய்யும் ஊரில் குடியிருக்க வசதியின்றி, முன்னிரவு முழுவதும் தேசத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பிரயாணம் செய்து வேலைக்கு வந்திருந்தார். இறந்தவர்களின் பந்துக்கள் வாஷிங்டனுக்கு நடையாக நடந்தார்கள். அங்கத்தினர்களின் வாசலில் புகைப்படங்களுடன் நின்றார்கள். அடுத்த வருஷம் சட்டம் வந்தது. வேலைக்கு முன் 10 மணி நேர ஓய்வு என்ற விதி 2014 ஜனவரியிலிருந்து அமலாயிற்று. சரக்கு மட்டும் ஏற்றும் விமானங்களுக்கு அந்த விதி கிடையாது. மூட்டைகளுக்காக மனுப்போட உறவினர்கள் இல்லையல்லவா?

நமது நாட்டில் அப்படியொரு விபத்து நேர்ந்த பிறகுதான் புத்தி வரவேண்டுமா? மங்களூர் விபத்து 2010இல் நடந்தது. இந்த விதி முழுவதும் அமலுக்கு வந்தது 2025இல். வந்த 35ஆவது நாளே அதில் விலக்கும் கொடுக்கப்பட்டுவிட்டது. ஒரு கம்பெனி ஆள் சேர்க்கத் தவறினால் அதன் விமானங்களைக் குறைக்கட்டும். பிரயாணிகளுக்குப் பணத்தைத் திருப்பி, நஷ்டஈடும் கொடுக்கட்டும். ஓய்வு விதியில் விலக்கு வேண்டுமானால், விமானிகளின் சங்கத்தையும் பிரயாணிகளின் தரப்பையும் பகிரங்கமாக விசாரித்து, காரணத்தை எழுதிக் கையெழுத்திட்ட பிறகே கொடுக்கவேண்டும். ஒரு வருஷ நோட்டீஸ் விதியையும் இந்தச் சந்தர்ப்பத்திலேயே எடுத்துவிடுவது நலம். அவ்வளவு அவகாசம் அவசியந்தான் என்று டைரக்டரேட் கருதுமானால், கம்பெனி ஆட்குறைப்புச் செய்யும்போதும் ஒரு வருஷச் சம்பளத்தை முன்னதாகக் கட்டிவைக்கும்படி சொல்லட்டும். எத்தனை கம்பெனிகள் அப்போதும் அந்த விதியை விரும்பும் என்பதைப் பார்க்கலாம்.

இன்னொன்று உடனே செய்யக்கூடியது. அதற்குப் புதுச் சட்டமும் வேண்டாம். 2024ஆம் வருஷத்து விதியிலேயே ஒரு ஷரத்து இருக்கிறது. விமானிகள் களைப்பைப் பற்றிக் கொடுக்கும் புகார்களையும், அவற்றின் மேல் எடுத்த நடவடிக்கையையும், ஒவ்வொரு கம்பெனியும் மூன்று மாதத்துக்கொரு முறை டைரக்டரேட்டுக்கு அறிக்கை அனுப்பவேண்டும். புகார் செய்தவரைத் தண்டிக்கவும் கூடாது. அந்த அறிக்கைகளைக் கம்பெனியின் பெயருடன், ஜனங்கள் படிக்கும்படி, தவணை தவறாமல் அச்சிட்டு வெளியிடுமாறு டைரக்டரேட்டை நாம் கேட்கிறோம். 'இன்று என்னால் ஓட்ட முடியாது' என்று எத்தனை விமானிகள் எழுதிக் கொடுத்தார்கள், அவற்றில் எத்தனையை எந்தக் கம்பெனி ஏற்றுக்கொண்டது, எத்தனையைத் தள்ளியது, என்ன காரணம் சொல்லித் தள்ளியது என்பதையெல்லாம், அந்தக் கம்பெனியின் டிக்கட்டைக் கையில் வைத்திருக்கிறவர்கள் பார்க்கட்டும்.